கட்காதலும் போதையடிமையும்: திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

போதைப் பழக்கம் குறித்த தமிழ்க் கட்டுரைகள் திருக்குறளின் 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தை (93) மதுவிலக்குக்கான சான்றாக எடுத்துக்காட்டுவது மரபாகிவிட்டது. இவ்வாறு எடுத்தாள்வதால், குடிப்பவரை நாணச் செய்தலே வள்ளுவர் கண்ட ஒரே வழி என்னும் கருத்து நிலைபெற்றுள்ளது. அவ்வதிகாரத்தின் குறள்களைச் சூது அதிகாரத்தின் இறுதிக் குறளோடும் (940), காமத்துப்பாலின் 1288ஆம் குறளோடும் இணைத்து வாசிக்கும் இக்கட்டுரை, கேடு தெரிந்தும் விடமுடியாமை என்னும் அடிமைநிலையின் மையக்கூறு திருக்குறளில் அறிவுரைகளில் அன்றி உவமைகளில் பதிவாகியுள்ளது என்பதை நிறுவ முயல்கிறது. மணிமேகலையின் சாதுவன் நிகழ்ச்சி துணைச்சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருக்குறள், கள்ளுண்ணாமை, கட்காதல், நாண், போதையடிமை, மணிமேகலை, சாதுவன்.

முன்னுரை

மதுரையின் மேற்கே, தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் கூடும் இடம் காளவாசல். தென்மாவட்ட வழக்கில் இச்சொல் செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளையைக் குறிக்கும். சூளைகள் மறைந்து மேம்பாலம் எழுந்துவிட்ட இச்சந்திப்பில், தமிழகத்தின் பிற நகர்ச் சந்திப்புகளைப் போலவே, மதுவைக் குறித்த மூவகைப் பனுவல்கள் மக்களின் கண்ணில் படுகின்றன. அரசுப் பேருந்துக்குள் எழுதப்பட்ட திருக்குறள் ஒன்று. நாட்டிற்கும் வீட்டிற்கும் உயிருக்கும் மது கேடு என்னும் பொருள்பட நெடுங்காலம் வழங்கிவந்த அரசு எச்சரிக்கை மற்றொன்று. குடிப்பவருக்கே தெரியாமல் குடியை மறக்கச் செய்வதாகக் கூறும் சுவரொட்டி விளம்பரம் மூன்றாவது. முதலாவது குடிப்பவரின் மானத்தை நோக்கிப் பேசுகிறது. இரண்டாவது அவரது அச்சத்தை நோக்கிப் பேசுகிறது. மூன்றாவது அவரிடம் பேசுவதே இல்லை. அவருடைய மனைவியிடமும் தாயிடமும் பேசுகிறது.

இம்மூன்றில் முதலாவதன் மீது தமிழாய்வாளர்க்குத் தனிப் பொறுப்பு உண்டு. கருத்தரங்கக் கோவைகளிலும் விழிப்புணர்வு நூல்களிலும் மதுவைப் பற்றிய கட்டுரை ஒன்று, கள்ளுண்ணாமையின் பத்துக் குறள்களையும் வரிசையாகத் தந்து பொருளுரைத்து, வள்ளுவர் அன்றே உரைத்துவிட்டார் என முடிவதைப் பரவலாகக் காணலாம். இம்முறை இரு வகையில் குறைபாடுடையது. ஒன்று, பனுவலை வாசிப்பதற்குப் பதிலாக மேற்கோளாகச் சுருக்குகிறது. மற்றொன்று, இன்று நோயாக அறியப்படும் ஒரு நிலையை இழிவாக மட்டும் காணும் பார்வைக்கு வள்ளுவரின் பெயரால் ஏற்பு வழங்குகிறது. இவ்விரண்டாம் குறையின் விளைவு வகுப்பறையோடு நிற்பதில்லை. எனவே அவ்வதிகாரத்தை மீண்டும் வாசிப்பது தேவையாகிறது.

1. அதிகாரத்தின் இடமும் நோக்கும்

புலால்மறுத்தல் (26), கள்ளாமை (29), கொல்லாமை (33) ஆகியவை அறத்துப்பாலில் துறவறவியலில் அமைய, கள்ளுண்ணாமை பொருட்பாலில் இடம்பெறுகிறது. வரைவின்மகளிர் (92), சூது (94), மருந்து (95) ஆகியன அதன் அண்டை அதிகாரங்கள். பொருளையும் மதிப்பையும் உடலையும் இழக்கச் செய்வனவற்றின் வரிசையில் கள் வைக்கப்பட்டு, இறுதியில் நோயும் மருந்தும் பேசப்படுகின்றன. இவ்வைப்புமுறையை நோக்க, கள்ளுண்டலை வள்ளுவர் துறவுக்குரிய விலக்காக அன்றி, உலகியல் வாழ்வின் இழப்பாகக் கண்டார் எனக் கொள்ள இடமுண்டு.

சங்க இலக்கியத்தின் நிலை வேறு. கள், நறவு, தேறல், தோப்பி, பிழி எனப் பல பெயர்களால் மது அங்குப் பேசப்படுகிறது. மன்னன் புலவர்க்கும் பாணர்க்கும் அளிக்கும் கொடையில் அது ஒரு பகுதி. அதியமானின் மறைவுக்கு இரங்கும் ஔவையார் பாடல் (புறநானூறு 235) அவன் கள்ளைப் பகிர்ந்த பாங்கையே அவனது அன்புக்கு முதற்சான்றாக நினைவுகூர்கிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி இதே மதுரையின் கடைவீதிக் காட்சியில் கள் விற்கும் இடத்தைக் காட்டும் கொடியையும் குறிப்பிடத் தவறவில்லை. இக்காட்சிகளில் கள் கூடியுண்ணும் பொருளாக இருக்கிறது. திருக்குறளின் 927ஆம் குறளிலோ அது மறைந்துண்ணும் பொருளாகிவிடுகிறது. இந்த மாற்றத்தைச் சமண, பௌத்த அறச்சிந்தனையின் செல்வாக்கு என்று மட்டும் கூறி அமைதல் போதாது. குடிப்பவரைச் சூழ்ந்துள்ளோரின் பார்வை மாறியுள்ளது என்பதையும் உடன் கருத வேண்டும்.

2. நாணமும் அதன் எல்லையும்

அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் வகைப்படுத்திப் பார்த்தால் ஆறு குறள்கள் பிறர் பார்வையை அடிப்படையாகக் கொண்டவை. பகைவர் அஞ்சாமையும் புகழிழப்பும் (921), சான்றோர் மதிப்பை வேண்டாதவர் மட்டும் உண்க என்னும் இகழ்ச்சி (922), தாய்முன்னும் சான்றோர்முன்னும் களித்தலின் இழிவு (923), நாண் என்னும் நல்லாள் புறங்காட்டுதல் (924), உள்ளூரார் நகைப்பு (927), மறைத்தது வெளிப்படுதல் (928) என அவை அமைகின்றன. எஞ்சிய நான்கில், விலைகொடுத்துத் தன்னுணர்வின்மையைப் பெறும் பேதைமையை 925 உரைக்கிறது. கள்ளுண்பாரை நஞ்சுண்பாராக 926 காண்கிறது. 929, 930 ஆகிய இரண்டும் தெளிவித்தலைப் பற்றியவை.

ஆகவே இவ்வதிகாரத்தில் நாணம் முதன்மைக் கருவி என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அக்கருவி என்ன விளைவைத் தருகிறது என்பதையும் அதே அதிகாரம் காட்டுகிறது என்பது போதிய கவனம் பெறவில்லை. 927, 928 ஆகிய குறள்களில் வரும் மனிதர் குடியை விட்டவர் அல்லர், குடியை மறைத்தவர். ஊரார் நகைப்பர் என அறிந்ததால் அவர் ஒளிந்து உண்கிறார். உண்டு அறியேன் எனப் பொய்யும் கூறுகிறார். இகழ்ச்சி குடியை ஒழிக்காமல் இருளுக்குள் தள்ளுகிறது என்பதைப் பனுவலே பதிவு செய்துவிடுகிறது.

இதன் இக்காலப் பொருத்தத்தை எண்கள் உணர்த்தும். இந்திய அரசின் சமூகநீதி அமைச்சகத்துக்காகத் தில்லி எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். மதுவால் ஏற்பட்ட சிக்கலுக்கு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிக்கும் மேற்பட்டோர். மதுச் சார்புநிலைக்கு ஆட்பட்டோரில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றதாகக் கூறினார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மருத்துவ வசதிக் குறைவு இதற்கு ஒரு காரணம். சிகிச்சைக்குச் செல்வதே குடிநோயை ஊரறியச் செய்துவிடும் என்னும் அச்சம் மற்றொரு காரணம். 928ஆம் குறளில் மறைக்க முயல்பவரின் அச்சமும் இதுவே.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைத்து உயிரையும் போக்கவல்லது. கள்ளுண்பாரை நஞ்சுண்பார் என்ற 926ஆம் குறளின் கூற்று அங்கு நேர்பொருளாகவே நிகழ்ந்தது. இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தபோது, குடித்து இறந்தவர்க்கு இழப்பீடு ஏன் என்ற கேள்வி பொதுவெளியில் எழுந்தது; உயர்நீதிமன்றத்திலும் வழக்காக வந்தது. அரசுப் பணத்தைச் செலவிடும் முறை பற்றிய விவாதத்துக்கு இடமுண்டு. ஆனால் அக்கேள்வியின் தொனியில் இருந்த இகழ்ச்சி, நஞ்சுண்டவரை நஞ்சு விற்றவரினும் குற்றவாளியாக்கியது. கள்ளுண்ணாமையை இகழ்ச்சிநூலாக மட்டும் கற்பிக்கும் முறை இத்தொனிக்குத் துணைபோகிறதா என ஆய்வாளர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

3. உவமையில் உறையும் அறிவு

அதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர் ஆளும் சொல் 'கட்காதல்'. கள்ளை உண்டலைப் பொதுவாகக் குறிக்காமல், கள்ளின் மேல் கொண்ட காதலையும் அக்காதலோடு ஒழுகுதலையும் அது சுட்டுகிறது. ஒரு முறை உண்டவரையும் அதன்வயப்பட்டு வாழ்பவரையும் வேறுபடுத்தும் சொல்லாட்சி இது. 926ஆம் குறளும் 'எஞ்ஞான்றும்' என்னும் சொல்லால் இடையறாத் தன்மையைக் குறிக்கிறது.

இக்காதலின் இயல்பு என்ன என்பதைக் கள்ளுண்ணாமை அதிகாரம் விரிக்கவில்லை. அதனை அடுத்த அதிகாரத்தின் இறுதிக் குறள் விரிக்கிறது. பொருளை இழக்குந்தோறும் சூதாடி சூதின்மேல் மேலும் காதல் கொள்வது போல, துன்பத்தால் வருந்துந்தோறும் உயிர் உடலின்மேல் காதல் கொள்ளும் என்பது 940ஆம் குறளின் கருத்து. இங்கும் அதே 'காதல்' என்னும் சொல். இழப்பு விருப்பத்தைக் குறைக்கும் என்பது பொது எதிர்பார்ப்பு. இழப்பே விருப்பத்தைப் பெருக்குகிறது என்பது வள்ளுவரின் காட்சி.

மூன்றாவது சான்று காமத்துப்பாலில், புணர்ச்சிவிதும்பல் அதிகாரத்தில் உள்ளது. இழிவு தரத்தக்க துன்பங்களைச் செய்தாலும் களித்தவர்க்குக் கள் எப்படியோ, அப்படியே எனக்கு உன் மார்பு என்னும் பொருளில் அமைகிறது 1288ஆம் குறள். மேன்மேலும் விரும்பப்படுதல் என்பதே இங்குப் பொதுத்தன்மை என உரைமரபு விளக்குகிறது. கள்ளைக் காமத்தோடு ஒப்பிடும் குறள்கள் காமத்துப்பாலில் வேறும் உண்டு (1090, 1201, 1281). அவை கள் தரும் மகிழ்ச்சியைப் பேசுகின்றன. 1288 மட்டுமே கள் தரும் இழிவையும் அவ்விழிவு விருப்பத்தைத் தடுக்க இயலாமையையும் ஒருசேரப் பேசுகிறது. 924ஆம் குறளில் புறங்காட்டிச் சென்ற நாண் 1288இல் திரும்பி வந்து நிற்கிறது. ஆனால் அதனால் எதையும் தடுக்க முடியவில்லை.

940, 1288 ஆகிய இரு குறள்களிலும் அடிமைநிலை பேசுபொருளாக வரவில்லை. உவமையாக வருகிறது என்பது இக்கட்டுரையின் மையக் கவனிப்பு. பொருளை விளக்க வரும் உவமை, கேட்போர் முன்பே அறிந்ததாக இருத்தல் வேண்டும். இழக்க இழக்கச் சூதாடி சூதை விடான் என்பதும், இழிவு வந்தாலும் குடித்தவன் கள்ளை வெறுக்கான் என்பதும் வள்ளுவர் காலத்துக் கேட்போர்க்கு விளக்கம் வேண்டாத செய்திகள். ஆகவே நாணச் செய்தால் குடி நிற்கும் என வள்ளுவர் எளிமையாக நம்பினார் என்று கூறுவதற்கில்லை. குடியின்பால் செல்லாதவரைத் தடுக்க நாணம் உதவலாம். கட்காதல் கொண்டவர்க்கு அது போதாது என்னும் வேறுபாடு அவரது நூலிலேயே உள்ளது.

4. 'அடிமை' என்னும் சொல்லும் மருத்துவ வரையறையும்

இன்று வழங்கும் 'போதை அடிமை' என்னும் தொடர் ஆங்கிலத்தின் 'அடிக்ஷன்' என்பதற்கு ஈடாக வழங்குகிறது. அவ்வாங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் சொல், கடனைத் தீர்க்க இயலாது தீர்ப்பால் கடன்கொடுத்தவர் வசம் ஒப்படைக்கப்பட்டவரைக் குறித்தது. புறத்திலிருந்து ஒருவரைப் பிணிக்கும் ஆற்றலை 'அடிமை' உணர்த்துகிறது. 'காதல்' அகத்திலிருந்து எழும் நாட்டத்தை உணர்த்துகிறது. இரண்டும் ஒரே நிலையின் இரு பக்கங்கள்.

மருத்துவ வரையறை இவ்விரண்டையும் உள்ளடக்கியது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பத்தாம் நோய்ப்பகுப்பு, சார்புநிலைக்கு ஆறு கூறுகளைக் கூறுகிறது: கட்டுக்கடங்கா வேட்கை, அளவைக் கட்டுப்படுத்த இயலாமை, நிறுத்தினால் தோன்றும் விலகல் அறிகுறிகள், அதே விளைவுக்கு மேன்மேலும் மிகுந்த அளவு தேவைப்படுதல், பிற ஈடுபாடுகளைக் கைவிடல், தீங்கு தெரிந்தும் தொடர்தல். ஓராண்டுக்குள் இவற்றில் மூன்றேனும் சேர்ந்து காணப்படின் சார்புநிலை எனக் கொள்ளப்படும். 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் கையேடு பதினொரு கூறுகளைக் கொண்டு, இந்நிலையை மென்மை, நடுத்தரம், கடுமை எனப் படிநிலையாகக் காண்கிறது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது.

வள்ளுவர் இவற்றையெல்லாம் முன்னரே கூறிவிட்டார் என வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது மறுக்கப்பட வேண்டிய பழைய முறையின் மறுவடிவமே ஆகும். தென்னை, பனைக் கள்ளின் செறிவு பொதுவாக ஐந்து விழுக்காட்டை ஒட்டியது. இன்று கடையில் விற்கும் பிராந்தியும் ரம்மும் 42.8 விழுக்காடு கொண்டவை. விற்பனை முறையும் வேறு. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதும், வருவாயிழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டதும், 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டதும், 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டு 2003இல் சில்லறை விற்பனையும் அதனிடம் வந்ததும் மதுவை அரசின் நிதியோடு பிணைத்துவிட்டன. இவ்வுலகம் வள்ளுவர் அறியாதது. அவரிடம் நாம் பெறக்கூடியது நோய்க்கோட்பாடன்று. கேடுணர்ந்தும் விடமுடியாமை என்னும் மனித அனுபவத்தைக் கூர்ந்து கண்ட மொழியே.

5. தெளிந்த பொழுது

929ஆம் குறள், களித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவித்தல், நீரில் மூழ்கியவனைத் தீவிளக்கால் தேடுதல் போன்றது என்கிறது. இதனைக் குடிப்பவர்மேல் வைத்த நம்பிக்கையின்மையாகக் கொள்வர். ஆனால் இக்குறள் குடிப்பவரைப் பற்றிய தீர்ப்பைக் காட்டிலும், தெளிவிக்க முயல்பவரின் முறையைப் பற்றிய விமரிசனமாகவே அமைகிறது. மூழ்கியவன் இருக்கிறான், விளக்கும் இருக்கிறது, ஆனால் நீருக்குள் அவ்விளக்கு பயன்படாது. கருவியும் காலமும் பொருந்தவில்லை.

அடுத்த குறள் காலத்தை மாற்றுகிறது. தான் கள்ளுண்ணாத பொழுதில், உண்டு களித்த மற்றொருவனைக் காணும்போது, தான் உண்டபோது அடைந்த சோர்வை ஒருவன் நினையானோ என வினவுகிறது 930. இவ்வினாவில் இரக்கமும் உண்டு, ஐயமும் உண்டு. பரிமேலழகர் இக்குறளைக் கள்ளுண்டல் ஒழிதற்குரிய காரணத்தைக் கூறுவதாகக் கொள்கிறார். அதிகாரம் இகழ்ச்சியில் முடியாமல், ஒழிதற்கான வாயிலைக் காட்டி முடிகிறது என்பது அவ்வுரையால் புலனாகும். மேலும், இங்குத் தெளிவு பிறர் புகட்டுவதால் வரவில்லை. தன் நிலையை ஒத்த மற்றொருவனைக் காண்பதால் வருகிறது. முன்னைய குறள்களில் சான்றோர், தாய், உள்ளூரார் ஆகியோர் நோக்கினர், குடிப்பவர் நோக்கப்பட்டார். 930இல் முதன்முறையாகக் குடிப்பவரே நோக்குபவர் ஆகிறார்.

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடிநோயிலிருந்து மீள முயன்ற இருவரின் உரையாடலிலிருந்து தோன்றிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம், இன்று தமிழகத்திலும் கூட்டங்கள் நடத்துகிறது. ஒரு குடிநோயாளி மற்றொரு குடிநோயாளியின் அனுபவத்தைக் கேட்டுத் தன்னைக் காணுதல் அதன் அடிப்படை. இதனை 930ஆம் குறளின் வழித்தோன்றல் எனக் கூறுவது பொருந்தாது. இரண்டும் ஒரே மனித உண்மையைத் தனித்தனியே கண்டன எனக் கூறலாம்.

6. சாதுவன்: இயலும் அறம்

இவ்வுண்மையைக் கதையாக விரிப்பது மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதை. மனைவி ஆதிரையைப் பிரிந்து கணிகையோடு வாழ்ந்த சாதுவன் சூதில் பொருளிழந்து, அக்கணிகையால் விலக்கப்பட்டு, கடல்வாணிகம் செல்கிறான். கலம் உடைந்து நாகர் வாழும் மலைப்பகுதியில் ஒதுங்குகிறான். நாகர் தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் தர முன்வர, சாதுவன் மறுத்து அதற்கான காரணத்தை உரைக்கிறான்.

மூன்று செய்திகள் இங்கு நோக்கத்தக்கவை. கள்ளை மறுத்துப் பேசுபவன் பிறவிச் சான்றோன் அல்லன். சூதால் கெட்டு மீண்டவன். அவன் நாகரின் மொழியைக் கற்றவன்; அம்மொழியிலேயே பேசுகிறான். கள்ளையும் ஊனையும் கைவிட்டால் இவ்வுடலில் உயிரைக் காத்தல் எம்மால் இயலாது எனத் தலைவன் கூறும்போது, சாதுவன் அவனை இகழவில்லை. அவனால் இயலும் அறத்தை எடுத்துரைக்கிறான். கலம் உடைந்து வருவோரைக் கொல்லாது காத்தல், மூத்து இறக்கும் விலங்கைத் தவிர்த்துப் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமை என அது அமைகிறது. முழுமையான விலக்கை வற்புறுத்தாது, கேட்பவரால் எடுத்துவைக்க இயலும் முதற்படியை அவன் காட்டுகிறான்.

தலைவனின் கூற்று உயிர் அச்சத்தைச் சுட்டுவது. இன்றைய மருத்துவமும் அதனை எளிதாகத் தள்ளுவதில்லை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலால் மருத்துவக் கண்காணிப்பு தேவை. இதனை அறியாது, மன உறுதி இருந்தால் இன்றே விட்டுவிடலாம் எனக் கூறும் அறிவுரை தீங்காகவும் முடியலாம். குடிப்பவர் அறியாமல் உணவில் மருந்து கலக்கும் முறையும் அத்தகையதே. டைசல்பிராம் என்னும் மருந்தை உட்கொண்ட நிலையில் மது அருந்தினால் கடுமையான எதிர்வினை ஏற்படும். அதனை நோயாளி அறிந்து, இசைந்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும். காளவாசல் சுவரொட்டி பேச மறுக்கும் அந்த மனிதரிடம் பேசுவதிலிருந்தே சிகிச்சை தொடங்குகிறது.

தமிழகத்தில் இதற்கான முன்னோடி முயற்சி தன் இழப்பிலிருந்தே பிறந்தது. கணவரைக் குடிநோயால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். குடும்பத்தையும் சிகிச்சையின் பகுதியாகக் கொண்டது அதன் சிறப்பு. 'குடிகாரன்' என்பதற்கு மாற்றாகக் 'குடிநோயாளி' என்னும் சொல் வழக்கில் ஊன்றுவது இத்தகைய நிறுவனங்களின் மொழிப் பங்களிப்பாகும். முன்னது ஒருவரின் இயல்பைத் தீர்ப்பிடுகிறது. பின்னது மீளக்கூடிய ஒரு நிலையைச் சொல்கிறது.

முடிவுரை

கள்ளுண்ணாமை அதிகாரத்தின் முதன்மைக் குரல் நாணுறுத்தலே. ஆயினும் நாணம் மறைத்தலாக முடிவதை 927, 928 ஆகிய குறள்கள் காட்டுகின்றன. இழிவும் இழப்பும் கட்காதலைத் தடுக்கா என்பதை 940, 1288 ஆகியவற்றின் உவமைகள் ஏற்றுக்கொள்கின்றன. மீளும் வாயில் பிறர் இகழ்ச்சியில் அன்றித் தெளிந்த பொழுதில் தன்னைக் காணுதலில் உள்ளது என்பதை 930 குறிப்பிடுகிறது. மீண்ட ஒருவன் கேட்பவரின் மொழியில் இயலும் அறத்தை உரைப்பதை மணிமேகலை நிகழ்ச்சியாக்குகிறது.

ஆகவே வகுப்பறையில் கள்ளுண்ணாமையைக் கற்பிக்கும்போது 924ஆம் குறளோடு 1288ஐயும், 929ஆம் குறளோடு 930ஐயும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். அவ்வகுப்பில் குடிநோயாளி ஒருவரின் மகனோ மகளோ அமர்ந்திருக்கக்கூடும். நாண் என்னும் நல்லாள் புறங்காட்டினாள் என்பதை மட்டும் கேட்டுச் செல்லும் மாணவர் தம் வீட்டை மறைக்கக் கற்கிறார். தெளிந்த பொழுது ஒன்று உண்டு என்பதையும் கேட்டுச் செல்பவர் அப்பொழுதில் தந்தையிடம் பேசத் துணியலாம்.